கள்ளத்தோணியும் கல்லிவல்லியும்: ஒரு மனிதர் எப்போது ‘சட்டவிரோதம்’ ஆகிறார்?

2025 செப்டம்பர் தொடக்கத்தில் மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை இருக்காது என்பது அதன் சாரம். மதுரை மாவட்டத்தில் உச்சப்பட்டி, ஆனையூர், திருவாதவூர் என்று மூன்று முகாம்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களுக்கு இனிக் குடியுரிமைதான் என்று இதைப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. ஒன்றுமே மாறவில்லை என்று உதறியவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை.

அதே ஆண்டு பிப்ரவரி 5ஆம் தேதி, அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களைக் கைவிலங்கும் கால்விலங்குமாக அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. பெரும்பாலோர் பஞ்சாப், ஹரியானா, குஜராத் பக்கத்து ஆட்கள். நம் ஊரில் அது இரண்டு நாள் டிவி செய்தி. ‘விசா இல்லாமல் போனால் அனுப்பத்தான் செய்வான்’ என்றும், ‘அதற்காக விலங்கு மாட்டுவதா’ என்றும் டீக்கடையில் இரு கட்சி.

அந்த இரண்டு கட்சி பேசியதும் இந்த விஷயத்தின் இரண்டு பாதிகள். தன் எல்லைக்குள் யார் வரலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு நாட்டுக்கு உண்டு. வந்துவிட்ட மனிதரை எப்படி நடத்தக் கூடாது என்பதற்கும் சட்டம் உண்டு. மதுரை வட்டாரத்துக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் விசா முடிந்து மாட்டிக்கொள்ளும் ஆட்களை அனுப்புவதும் இந்தப் பகுதிதான். இந்தியச் சட்டப்படி ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று பெயர் வாங்கிய ஆயிரக்கணக்கானவர்களை நாற்பது வருடமாக வைத்திருப்பதும் இதே பகுதிதான். ஒரு பக்கம் நியாயம் கேட்பவர் மறுபக்கத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் சொற்கள்

செய்திகளில் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

1. புலம்பெயர்ந்தவர்: வேலைக்கோ, படிப்புக்கோ, குடும்பத்தோடு சேர்வதற்கோ வேறு நாட்டில் போய் வாழ்பவர். ஐ.நா. கணக்கில் 2024இல் உலகம் முழுக்க 30.4 கோடிப் பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் முறையான காகிதத்தோடு இருப்பவர்கள்.

2. அகதி: இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்தவர் என்ற காரணங்களால் சொந்த நாட்டில் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தில் வெளியேறியவர். இது 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் வரையறை.

3. தஞ்சம் கோருபவர்: ‘நான் அகதி’ என்று விண்ணப்பித்து முடிவுக்குக் காத்திருப்பவர். முடிவு வரும்வரை இவரைச் சட்டவிரோதி என்று சொல்ல முடியாது. அரசியல்வாதிகள் சொல்வார்கள், அது வேறு.

4. ஆவணமற்றவர்: உள்ளே வரவோ, தங்கவோ, வேலை செய்யவோ தேவையான அனுமதி கையில் இல்லாதவர்.

5. நாடற்றவர்: எந்த நாடும் தன் குடிமகன் என்று ஒப்புக்கொள்ளாதவர்.

ஒரே ஆள் இதில் மூன்று பெட்டிகளில் ஒரே நேரத்தில் உட்கார முடியும். இலங்கையின் மலையகத்திலிருந்து, அதாவது தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து வந்து உச்சப்பட்டியில் இருக்கும் ஒரு முதியவர், பொருளளவில் அகதி, இந்தியச் சட்டப்படி சட்டவிரோதக் குடியேறி, நடைமுறையில் நாடற்றவர்.

தமிழில் இன்னொரு குழப்பம், ‘ஆட்கடத்தல்’ என்ற சொல். சர்வதேசச் சட்டம் இதை இரண்டு குற்றங்களாகப் பிரிக்கிறது. காசு வாங்கிக்கொண்டு, ஒருவரை அவர் சம்மதத்தோடே எல்லை தாண்டி இறக்கிவிடுவது ஒன்று. வேலை செய்தது ஏஜென்ட், பாதிக்கப்பட்டது எல்லைச் சட்டம். ஏமாற்றியோ மிரட்டியோ ஆளைக் கொண்டுபோய், அவர் உழைப்பையோ உடலையோ வைத்துச் சம்பாதிப்பது மற்றது. இதில் பாதிக்கப்பட்டது அந்த மனிதரே. இதற்கு எல்லை தாண்டவே வேண்டியதில்லை, உள்ளூர்ச் செங்கல் சூளையிலும் நடக்கும். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று விசிட் விசாவில் கூட்டிப்போய், மியான்மர் எல்லையில் ஆன்லைன் மோசடிக் கூடாரங்களில் அடைத்துவைக்கப்பட்ட தமிழக இளைஞர்கள் முதல் வகையில் கிளம்பி இரண்டாவதில் போய் விழுந்தவர்கள். அவர்களை ‘சட்டவிரோதமாக வேலை பார்த்தவர்கள்’ என்று வழக்குப் போட்டால், குற்றம் செய்தவனை விட்டுவிட்டுச் சாட்சியை உள்ளே தள்ளியதாக ஆகும்.

‘சட்டவிரோதம்’ என்ற அடைமொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1975லேயே ஐ.நா. பொதுச்சபை ஒரு தீர்மானத்தில், இப்படிப்பட்ட தொழிலாளர்களை ‘ஆவணமற்ற’ அல்லது ‘ஒழுங்குமுறைக்கு வெளியே உள்ள’ என்று குறிப்பிடும்படி கேட்டுக்கொண்டது. மனிதர் செய்த ஒரு செயல் சட்டத்துக்கு மாறாக இருக்கலாம், மனிதரே சட்டத்துக்கு மாறானவராக இருக்க முடியாது என்பது அதன் பின்னுள்ள எண்ணம். இந்தியச் சட்டம் இன்றைக்கும் பழைய சொல்லையே வைத்திருக்கிறது.

கள்ளத்தோணி என்ற பட்டம்

தமிழில் இதற்கு ஐ.நா.வுக்கு முந்திய சொல் ஒன்று இருக்கிறது: கள்ளத்தோணி. ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களைப் பார்த்து அங்கே சொன்ன வசைச்சொல் அது. உண்மையில் அவர்களில் பெரும்பாலோரைக் கூட்டிப்போனது தோட்ட முதலாளிகளும் அரசும்தான், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் முகாம் போட்டு, நோய் பரிசோதித்து, கப்பலேற்றி. 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் வந்தது. பிறப்பையும் தகப்பன் பிறப்பையும் காகிதத்தில் நிரூபிக்கச் சொன்னது. தோட்டத்து லயத்தில், அதாவது கூலிகளுக்கான வரிசை வீட்டில் பிறந்தவரிடம் ஏது காகிதம்? லட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சமுள்ள ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். அந்த மிச்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். காகித வேலை முடிவதற்குள் 1983 வந்துவிட்டது. கலவரத்துக்குத் தப்பி, இந்தியக் காகிதம் வந்துசேரும் முன்பே படகேறியவர்கள் இங்கே அகதி என்று பதிவானார்கள். இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஒப்பந்தம் போட்ட அதே மக்களும் அவர்கள் பிள்ளைகளும், அப்புறம் வந்த ஒரு சட்டத்திருத்தத்தால் ‘சட்டவிரோதக் குடியேறி’ ஆனார்கள். முதல் முறை காகிதம் இல்லாதவர்களாக ஆக்கியது கொழும்பு. இரண்டாம் முறை டெல்லி.

காகிதம் எப்படிக் காலாவதி ஆகிறது

சுவர் ஏறிக் குதிப்பவர், இரவில் படகில் வருபவர் என்று ஒரு படம் மனதில் இருக்கும். அப்படி வருகிறவர்களும் உண்டு. ஆனால் சட்டத்துக்கு வெளியே போய்ச் சேர வேறு வழிகள் இருக்கின்றன, நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது அவற்றில்தான்.

1. விசிட் விசாவில் போய் வேலையில் சேர்வது. பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் பாஸ்போர்ட் ‘இ.சி.ஆர்.’ (குடிபெயர்வு அனுமதி தேவை) வகையில் வரும். அதை வைத்துக்கொண்டு வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட பட்டியலில் இருக்கும் நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும், அரசின் இ–மைகிரேட் இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாக வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு இது தேவையில்லை. ‘அங்க போய் மாத்திக்கலாம்ணே’ என்று ஏஜென்ட் சொல்வது இந்த ஓட்டையைத்தான். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் சட்டப்படி 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். லட்சக்கணக்கில் கேட்பவர், அந்த இடத்திலேயே தான் யார் என்று சொல்லிவிடுகிறார்.

2. முறையாகப் போய், விசா புதுப்பிக்கப்படாமல் நிற்பது. இது விரிவாகப் பார்க்க வேண்டியது, ஏனென்றால் இதில் தொழிலாளியின் தவறு பெரும்பாலும் எதுவுமில்லை. வளைகுடாவில் கஃபாலா முறை. தொழிலாளி அந்த நாட்டில் தங்கும் உரிமை அவருடைய கஃபீலோடு, அதாவது அவரைக் கொண்டுவந்த முதலாளியோடு கட்டப்பட்டது. இக்காமாவை, அதாவது தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்க வேண்டியது கஃபீல். அவர் காசு மிச்சம் பிடிக்கப் புதுப்பிக்காமல் விட்டால், தெருவில் பிடிபடுவது தொழிலாளி. சம்பளம் வரவில்லை என்று வேறு இடத்துக்குப் போனால், ‘ஓடிவிட்டான்’ என்று கஃபீல் ஒரு புகார் கொடுப்பார். சவுதியில் அதற்கு ‘ஹுரூப்’ என்று பெயர். ஒரு தனிமனிதர் போடும் புகாரில் இன்னொரு மனிதர் சட்டவிரோதி ஆகிறார். அப்படி வெளியே இருந்து வேலை பார்ப்பவரைத்தான் நம் ஆட்கள் ‘கல்லிவல்லி’ என்கிறார்கள். கத்தார் 2020இல் வேலை மாற முதலாளியின் ஒப்புதல் கடிதம் தேவையில்லை என்று சட்டத்தை மாற்றியது, சவுதியும் 2021இல் ஓரளவு தளர்த்தியது. வீட்டு வேலை, தோட்ட வேலை, ஒட்டகம் மேய்ப்பது போன்ற வேலைகளில் இருப்பவர்களைச் சவுதியின் அந்தத் தளர்வு எட்டவில்லை.

அபராதத்தின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம். ஒரு வருடத்துக்கு 18,250. நம் பணத்தில் நான்கு லட்சத்தைத் தாண்டும். சம்பளமே வராமல் நின்றுபோனவர் ஊருக்குக் கிளம்ப இதைக் கட்ட வேண்டும். கட்ட முடியாது, அதனால் கிளம்ப முடியாது, கிளம்பாததால் அபராதம் ஏறும். நாட்டைவிட்டு வெளியேற்றுவதற்கு என்று போட்ட சட்டம் ஆளை வெளியேற விடாமல் பிடித்துவைக்கும் விசித்திரம் இது.

3. சட்டம் மாறி, இருந்த இடத்திலேயே சட்டவிரோதி ஆவது. மேலே சொன்ன மலையகத்தவர் கதை.

4. சட்டவிரோதிக்குப் பிள்ளையாகப் பிறப்பது. எந்த எல்லையையும் தாண்டாமலே இந்தப் பட்டத்தை வாங்க முடியும். இதற்குப் பின்னால் வருகிறேன்.

போக உரிமை உண்டு, புக உரிமை இல்லை

1948ஆம் ஆண்டு உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம் பிரிவு, எந்த நாட்டை விட்டும் வெளியேறலாம், சொந்த நாட்டுக்குத் திரும்பலாம் என்கிறது. இன்னொரு நாட்டுக்குள் நுழையும் உரிமையை அது தரவில்லை. கதவு வெளிப்பக்கம் திறக்கிறது, எதிர் வீட்டுக் கதவைப் பற்றிப் பேச்சில்லை. இந்த இடைவெளியில்தான் மொத்தச் சிக்கலும் நிற்கிறது. இதை நிரப்ப உலகம் இதுவரை செய்துகொண்ட ஏற்பாடுகளில் முக்கியமானவை இவை:

1. திருப்பி அனுப்பாமை. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து உள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. 1951 உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு. உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாட்டையும் வழக்கச் சட்டமாக இது கட்டுப்படுத்தும் என்பதே சர்வதேசச் சட்ட அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து.

2. நுழைந்த விதத்துக்காக அகதியைத் தண்டிக்காமை. அதே உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு. உயிர் தப்பி வருபவர் விசா எடுத்துக்கொண்டு வர மாட்டார் என்ற நடைமுறை அறிவு.

3. ஏற்றிவிட்டவரைத் தண்டி, ஏறியவரைத் தண்டிக்காதே. ஆட்களை எல்லை தாண்டிக் கொண்டுபோவது பற்றிய ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு பலெர்மோ நெறிமுறை சொல்வது. இந்தியா 2011இல் இதை ஏற்றுக்கொண்டது.

4. புலம்பெயர் தொழிலாளர் உடன்படிக்கை, 1990. ஆவணமற்றவருக்கும் செய்த வேலைக்குச் சம்பளம், அவசர மருத்துவம், பிள்ளைக்குப் படிப்பு உண்டு என்கிறது. இலங்கை சேர்ந்திருக்கிறது, வங்கதேசமும் பிலிப்பைன்ஸும் சேர்ந்திருக்கின்றன. ஆட்களை அனுப்பும் நாடுகள் கையெழுத்திட்டன, வாங்கும் பணக்கார நாடுகள் ஒன்றுகூட இடவில்லை. மாப்பிள்ளை வீடு வராத நிச்சயதார்த்தம். இந்தியாவும் சேரவில்லை.

5. பாதுகாப்பான, ஒழுங்கான குடிபெயர்வுக்கான உலக ஒப்பந்தம், 2018. மொராக்கோவின் மராகேஷில் ஒப்புக்கொள்ளப்பட்டு, ஐ.நா. பொதுச்சபையில் 152 வாக்குகள் ஆதரவாகவும் 5 எதிராகவும் விழுந்தன. எதிர்த்தவை அமெரிக்கா, ஹங்கேரி, இஸ்ரேல், செக், போலந்து. 12 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. இந்தியா ஆதரித்தது. 23 இலக்குகள் இதில் உண்டு: காவலில் வைப்பது கடைசி வழியாக மட்டும், அடிப்படைச் சேவைகள் எல்லோருக்கும், திரும்ப அனுப்பினால் கண்ணியத்தோடு. ஆனால் இது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ‘எல்லையைக் காக்கும் இறையாண்மை நாட்டுக்கே’ என்று ஒப்பந்தமே எழுதிவைத்திருக்கிறது.

1951 உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை சேரவில்லை. அதனால் இந்தியச் சட்டத்தில் ‘அகதி’ என்ற வகையே கிடையாது. வெளிநாட்டவர், சட்டவிரோதக் குடியேறி, இரண்டே பெட்டிதான்.

எல்லை மதுரை விமான நிலையத்துக்கு வந்த கதை

நாடுகள் என்ன செய்கின்றன என்று பார்த்தால், கடந்த முப்பது வருடப் போக்கை ஒரே வரியில் சொல்லலாம்: எல்லையைத் தங்கள் மண்ணிலிருந்து வெளியே நகர்த்துகிறார்கள். மண்ணில் கால் பட்டால்தானே தஞ்சம் கேட்பார், சட்டப்படி விசாரிக்க வேண்டும்? கால் படவே விடாதே.

இதன் மிகச் சாதாரண வடிவம் விமான நிறுவனத்தின் கவுன்ட்டர். மதுரையிலிருந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பும்போது, விசா இருக்கிறதா, ரிட்டர்ன் டிக்கெட் எங்கே என்று குடைந்து கேட்பது குடியேற்ற அதிகாரிக்கு முன்பே விமானக் கம்பெனி ஊழியர். காகிதம் சரியில்லாத ஆளை ஏற்றிவந்தால் அபராதம் கம்பெனிக்கு. இந்தியாவும் 2000இல் இதற்கென்று சட்டம் போட்டது. அந்த ஊழியருக்கு அகதி யார், ஏமாற்றுக்காரர் யார் என்று விசாரிக்கும் அதிகாரமோ நேரமோ கிடையாது. தஞ்சம் கேட்பதற்கென்று பொதுவாக விசாவும் கிடையாது. ஆக, உண்மையிலேயே உயிருக்குப் பயந்து கிளம்பும் ஒருவர், டிக்கெட் வாங்கக் காசிருந்தாலும் விமானம் ஏற முடியாது. விமானக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கொடுத்துப் படகேறுகிறார். படகுக்காரன் தொழிலை வளர்ப்பதில் இந்த விதிக்குப் பங்கு உண்டு என்பதை எந்த அரசும் ஒப்புக்கொள்ளாது. புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பின் பதிவில், 2024இல் மட்டும் வழியில் இறந்தவர்கள் குறைந்தது 8,938 பேர். அவர்கள் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவே மோசமான ஆண்டு.

தமிழர்கள் சம்பந்தப்பட்ட மூன்று படகுகளை எடுத்துக்கொண்டால் இந்தக் கொள்கையின் முழு அகலமும் தெரியும்.

2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ கப்பல் 492 இலங்கைத் தமிழர்களோடு கனடாவின் மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. கனடா அவர்களை உள்ளே விட்டு, காவலில் வைத்து, ஒவ்வொருவராக விசாரித்தது. கப்பலில் சமைத்தவர், இயந்திரம் பார்த்தவர் எல்லாம் கடத்தல்காரர்கள் என்று ஒரு வாதம் எழுந்தது. காசுக்காக இல்லாமல் ஒருவருக்கொருவர் உதவிய அகதிகளைக் கடத்தல்காரர் என்று ஒதுக்க முடியாது என்று 2015இல் கனடிய உச்ச நீதிமன்றம் சொன்னது.

2014இல் புதுச்சேரியிலிருந்து 157 தமிழர்களோடு கிளம்பிய படகை ஆஸ்திரேலியா நடுக்கடலில் மறித்தது. ஒரு மாதத்துக்குக் கிட்டத்தட்ட அவர்கள் சுங்கக் கப்பலுக்குள்ளேயே அடைத்துவைக்கப்பட்டார்கள். கடைசியில் பசிபிக் கடலின் நவுரு தீவுக்கு அனுப்பினார்கள். அந்தக் காவல் சட்டப்படி செல்லும் என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 4–3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் முடிவே வேறு. ‘படகில் வந்தால் ஆஸ்திரேலியா உங்கள் வீடு ஆகாது’ என்ற அவர்களுடைய விளம்பரம் தமிழிலும் வந்தது.

2021 அக்டோபரில் 89 தமிழர்கள் வந்த படகு தத்தளித்து டியேகோ கார்சியாவில் கரை சேர்ந்தது. பிரிட்டனின் ராணுவத் தீவு. அகதிகள் உடன்படிக்கை இந்தத் தீவுக்குப் பொருந்தாது என்பது பிரிட்டனின் வாதம். மூன்று வருடம் கூடாரம். அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது, அதற்குச் சற்று முன்பே பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தார்கள். சட்டவிரோதமாக வந்தவர்கள் வழக்குப் போட்டு, சட்டவிரோதமாக நடந்தது அரசு என்று நிரூபித்த வழக்கு.

படகைத் தடுப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் ஆஸ்திரேலிய வழி வேலை செய்கிறது, அதை மறுத்துப் பயனில்லை. மனிதர்களைத் தீவுகளில் வருடக்கணக்கில் அடைப்பது அதன் விலை. ருவாண்டாவுக்கு அனுப்புவோம் என்று 2022இல் பிரிட்டன் கிளப்பிய திட்டமோ படகையும் குறைக்கவில்லை, உச்ச நீதிமன்றத்தில் 2023இல் தோற்று, அடுத்த வருடம் கைவிடப்பட்டது.

உள்ளே இருப்பவர்களை என்ன செய்வது

பிடித்துப் பிரம்பால் அடிப்பது ஒரு வழி. மிகையாகச் சொல்லவில்லை. மலேசியாவில் அனுமதியின்றி நுழைந்தால் சிறையோடு ஆறு பிரம்படி வரை விழலாம். சிங்கப்பூரில் 90 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கினால் குறைந்தது மூன்று.

பொதுமன்னிப்பு இன்னொரு வழி. அமீரகம் 2024 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை அபராதமில்லாமல் ஊர் திரும்பவோ, விசாவைச் சரிசெய்துகொள்ளவோ விட்டது. மலேசியாவும் அதே வருடம் சிறிய அபராதத்தோடு திரும்ப வழி திறந்தது. நம் ஆட்கள் பலர் தூதரகத்தில் அவுட்பாஸ் (ஊர் திரும்ப மட்டும் தரும் தற்காலிகப் பயணச் சீட்டு) வாங்கி ஊர் வந்து சேர்வது இப்படித்தான். நல்லதுதான். ஆனால் வராமல் நின்ற சம்பளம் அத்தோடு போச்சு. மன்னிக்கப்பட்டது தொழிலாளி, தப்பித்தது கஃபீல்.

முறைப்படுத்துவது மூன்றாவது. ஸ்பெயின் 2005இல் சுமார் 5.7 லட்சம் பேருக்குக் காகிதம் தந்தது. நிபந்தனை, முதலாளி வேலை ஒப்பந்தம் காட்டி சமூகப் பாதுகாப்புப் பணம் கட்ட வேண்டும். மறைந்து வேலை பார்த்தவர் வரி கட்டுபவர் ஆனார். அமெரிக்கா 1986இல் சுமார் 27 லட்சம் பேரை முறைப்படுத்தியது. ஆவணமற்றவரை வேலைக்கு வைக்கும் முதலாளியைத் தண்டிக்கும் பாதியை ஒழுங்காகச் செய்யவில்லை. இருபது வருடத்தில் ஆவணமற்றவர் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு ஆனது. வேலை கொடுப்பவரைத் தொடாமல் வேலை செய்பவரை மட்டும் சரிசெய்தால் இப்படித்தான் முடியும்.

நான்காவதாக ஒன்று, எனக்கு எல்லாவற்றிலும் உருப்படியாகப் படுவது: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தொழிலாளர் நீதிமன்றம் இவற்றுக்கும் குடியேற்றப் போலீசுக்கும் நடுவே சுவர் எழுப்புவது. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போனால் போலீசுக்குத் தகவல் போகும் என்றால் யாரும் போக மாட்டார்கள், நோய் தெருவெல்லாம் பரவும். சம்பளப் புகார் கொடுத்தால் நாடு கடத்துவார்கள் என்றால் முதலாளி சம்பளமே தர மாட்டார். அப்படிப்பட்ட ஆள் மலிவாகக் கிடைப்பார், சந்தையில் அவருக்குக் கிராக்கி கூடும். ஆவணமற்றவரின் உரிமையைப் பாதுகாப்பது ஆவணமுள்ள தொழிலாளியின் கூலியையும் பாதுகாக்கிறது.

இந்தச் சுவரைப் பெயர் வைக்காமலே ஓரளவு கட்டியிருப்பது தமிழ்நாடு. முகாம் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போகிறார்கள், ரேஷன் உண்டு. 2021இல் மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 ரூபாய் என்று உயர்ந்தது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. அதே முகாமில் மாநில உளவுத் துறையின் க்யூ பிரிவு போலீஸ் பதிவேடும், ஆள் எண்ணும் ‘செக்கிங்’கும் இருக்கின்றன.

சரி, இந்தியச் சட்டத்தில் இப்போது நிலை என்ன?

1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தில் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல் நுழைந்தது 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில். செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவரும், அனுமதிக்காலம் முடிந்து தங்கியவரும் அதில் அடக்கம். அப்படிப்பட்டவர் பதிவு மூலமோ இயல்புரிமை (பல வருடம் வசித்ததன் பேரில் கேட்பது) மூலமோ குடியுரிமை கேட்க முடியாது, எத்தனை வருடம் இங்கே இருந்தாலும்.

பிள்ளைகளுக்கு எப்படி? பிறந்த தேதியைப் பொறுத்தது:

1. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர், பெற்றோர் யாராக இருந்தாலும்.
2. அன்றிலிருந்து 2004 டிசம்பர் 3க்கு முன் வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும்.
3. அதற்குப் பின் பிறந்தவருக்கு ஒருவர் இந்தியராகவும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும்.

ஒரே வீட்டில் மூத்தவர் இந்தியர், தம்பி சட்டவிரோதக் குடியேறி என்று வருவது இதனால்தான். மூன்றாவது விதியின் இன்னொரு விளைவு, முகாம் பெண்ணை உள்ளூர்ப் பையன் கட்டினாலும் பிள்ளையின் குடியுரிமையில் சிக்கல்.

1987க்கு முன் முகாமில் பிறந்த ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடி இந்திய பாஸ்போர்ட் பெற்றிருக்கிறார். அதே கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019இல், முகாம்களில் இருக்கும் இந்திய வம்சாவளித் தமிழர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். மேலே சொன்ன 1964 ஒப்பந்தத்துக் கதைதான் அந்த வழக்கின் முதுகெலும்பு. 2022இல் இன்னொரு வழக்கில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லாவிட்டாலும் அதன் கோட்பாடு இலங்கையின் இந்துத் தமிழர்களுக்கும் பொருந்தும் என்றார். 2019இன் அந்தத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டுமே சொல்கிறது. ஆனால் 2025 மேயில் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், உலகத்து அகதிகளை எல்லாம் ஏற்க இந்தியா தர்மசத்திரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

இந்திய அரசியல் சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 21ஆம் பிரிவின் உயிர், சுதந்திர உரிமை ‘எந்த நபருக்கும்’ உண்டு. இந்தியாவில் தங்கிக் குடியிருக்கும் உரிமையைத் தரும் 19ஆம் பிரிவு ‘குடிமக்களுக்கு’ மட்டும். வெளிநாட்டவரை அடிக்கக் கூடாது, அடைத்து வாட்டக் கூடாது, ஆனால் அனுப்பலாம் என்று நீதிமன்றங்கள் கோடு போடுவது இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்.

2025 செப்டம்பர் 1இல் அமலுக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 1920, 1939, 1946, 2000 ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை எடுத்துவிட்டு வந்தது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தக் கடுமையிலிருந்து விலக்குத் தருவதே முதலில் சொன்ன ஆணை. அதனால் முகாமில் என்ன மாறியது?

1. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர் மீது, காகிதம் இல்லை என்பதற்காக வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்ப முடியாது. அந்தப் பயம் போனது உண்மை.

2. குடியுரிமைச் சட்டம் தனிச் சட்டம். அதில் ஒரு எழுத்தும் மாறவில்லை. தண்டனை இல்லை என்பதும் குடிமகன் என்பதும் வேறுவேறு. வாக்கு, பாஸ்போர்ட், அரசு வேலை எதுவும் இந்த ஆணையால் வராது.

3. 2022 மார்ச்சிலிருந்து, இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்திறங்கிய குடும்பங்கள் இந்தத் தேதிக்கு அப்பால் நிற்கிறார்கள். மாநில அரசு அவர்களை மண்டபத்தில் வைத்துச் சோறு போட்டது. விலக்கு அவர்களுக்கு இல்லை.

4. பதிவு செய்யாமல் விட்டவர்களுக்கும் இல்லை.

திரும்பிப் போவது எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. இலங்கையின் குடிவரவு, குடியகல்வுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் அல்லாத இடத்திலிருந்து நாட்டைவிட்டு வெளியேறியதே குற்றம். தலைமன்னாரிலிருந்து குண்டுக்குத் தப்பிப் படகேறியவர் கடவுச்சீட்டில் முத்திரை குத்தி வாங்கியிருக்க மாட்டார். 2025 மேயில், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டிலேயே தமிழகத்திலிருந்து ஊர் திரும்பிய ஒரு முதியவர் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இதற்காகக் கைதானார். இந்தியாவுக்குள் வந்ததற்குத் தண்டனை இல்லை என்று டெல்லி ஆணை போட்டது அதற்குச் சில மாதம் கழித்து. இலங்கையை விட்டுப் போனதற்குத் தண்டனை இல்லை என்று கொழும்பு எழுதிக்கொடுத்தால்தான், ஊர் திரும்பலாமா என்று முகாமில் யாராவது யோசிக்கவே முடியும்.